ஃபுலானி மேய்ப்பர்களிடையே வாய்மொழி வேதாகமக் கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே செனகலிலிருந்து சாடு வரைக்கும் அதற்கு அப்பாலும் நீளும் வறண்ட புல்வெளியைச் சாஹேல் என்பார்கள். அங்கே மாடு மேய்த்து வாழும் இஸ்லாமியரான ஃபுலானி மக்களிடம், அச்சிட்ட புத்தகத்தை நீட்டாமல் வேதாகமத்தைக் கதையாகச் சொல்லும் ஊழியம் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அதைப் பற்றி நம் திருச்சபைகளில் ஆர்வத்தோடு விசாரிப்பவர்களும் உண்டு, இது நியாயமா என்று மனக்கசப்போடு கேட்கும் இஸ்லாமிய நண்பர்களும் உண்டு. இரு தரப்பாரின் கேள்விகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருப்பதால் அவற்றைப் பிரிக்காமல் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதுபவர்கள் கிறிஸ்தவர்கள் என்பதையும், இந்த ஊழியம் நடக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

ஃபுலானிகள் யார்? அவர்கள் எல்லோருமே நாடோடிகளா?

இல்லை. செனகல், கினி, மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர், நைஜீரியா, கேமரூன், சாடு எனப் பல நாடுகளில் பரவியிருக்கும் ஃபுலானிகளின் தொகை இரண்டரைக் கோடிக்கும் நான்கு கோடிக்கும் இடைப்பட்டது என்று மதிப்பிடப்படுகிறது. அவர்கள் தங்களை ஃபுல்பே என்று சொல்லிக்கொள்கிறார்கள். மொழிக்கு மேற்கே புலார் என்றும் கிழக்கே ஃபுல்ஃபுல்டே என்றும் பெயர். பெரும்பாலோர் இன்று ஊர்களிலும் நகரங்களிலும் நிலையாகக் குடியிருக்கிறார்கள். வியாபாரிகளும் மார்க்க அறிஞர்களும் அரசு அதிகாரிகளும் நாட்டுத் தலைவர்களும் அவர்களிலிருந்து வந்திருக்கிறார்கள்.

மந்தையோடு நகர்ந்துகொண்டே இருப்பவர்கள் அவர்களில் ஒரு பகுதியினர்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பெய்யும் மாதங்களில், பயிர் நிற்கும் வயல்களையும் மாட்டுக்கு நோய் பரப்பும் செட்சி ஈக்களையும் விட்டு விலகி வடக்கே புதுப்புல் தேடிப் போவார்கள். மழை நின்று நீர்நிலைகள் வற்றத் தொடங்கியதும் தெற்கே ஆற்றோரங்களுக்கு இறங்குவார்கள். ஒரு கிடையில் சில குடும்பங்கள் சேர்ந்து இருக்கும். இராமநாதபுரம் பக்கத்து ஆட்டுக்கிடைகளில் கீதாரிக்கு இருக்கும் இடம் அங்கே ஆர்தோ என்ற தலைவருக்கு உண்டு. எந்தத் திசையில் போவது, யார் நிலத்தில் தங்குவது, வெளியாள் ஒருவரை உட்காரவைத்துப் பேசுவதா வேண்டாமா என்பதையெல்லாம் அவரைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

அவர்கள் பெயரளவில்தான் முஸ்லிம்கள் என்று சொல்கிறார்களே, அது உண்மையா?

அப்படிச் சொல்வது தவறு, அவமதிப்பும்கூட. மேற்கு ஆப்பிரிக்காவில் இஸ்லாம் பரவிய வரலாற்றின் பெரும்பகுதி ஃபுலானிகளின் வரலாறுதான். இன்றைய கினியிலுள்ள ஃபூட்டா ஜாலோனிலும் செனகல் ஆற்றோரத்து ஃபூட்டா டோரோவிலும் 18-ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் இஸ்லாமிய அரசுகளை நிறுவினார்கள். 1804-இல் ஃபுலானி மார்க்க அறிஞர் உஸ்மான் டான் ஃபோடியோ தொடங்கிய புனிதப் போர் சொக்கோட்டோ கிலாஃபத் என்ற இஸ்லாமியப் பேரரசாக வளர்ந்து, இன்றைய வடக்கு நைஜீரியாவையும் அதைச் சுற்றியுள்ள நிலப்பரப்பையும் ஆண்டது. காட்டில் கிடை போட்டிருக்கும் மேய்ப்பர் ஐந்து வேளையும் தொழாமல் போகலாம், குர்ஆனைச் சில அத்தியாயங்களுக்கு மேல் மனப்பாடம் செய்யாமல் இருக்கலாம். ஆனாலும் ஃபுலானியாய் இருப்பதும் முஸ்லிமாய் இருப்பதும் அவர் மனதில் பிரிக்க முடியாதவை.

இந்தப் பக்கத்தின் பொருளோடு நேரடியாகத் தொடர்புடைய ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். உஸ்மான் டான் ஃபோடியோவின் மகள் நானா அஸ்மாவு (1793–1864) ஃபுல்ஃபுல்டேயிலும் ஹௌசாவிலும் அரபியிலும் பாடல்கள் இயற்றி, அவற்றைப் பெண் ஆசிரியைகளுக்கு மனப்பாடம் செய்வித்து, அவர்கள் வழியாகக் கிராமத்துப் பெண்களுக்கு இஸ்லாமியக் கல்வியைக் கொண்டு சேர்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் வேதத்தை வாயாலும் காதாலும் சேர்ப்பது கிறிஸ்தவ ஊழியர்கள் அந்த மண்ணுக்குக் கொண்டுபோன புதுமை அல்ல. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே ஒரு பெண்மணி அதைச் சிறப்பாகச் செய்திருக்கிறார்.

எழுத்தறிவு இல்லாதவர்கள் என்பதால்தான் கதையா? பள்ளிக்கூடம் நடத்தி வாசிக்கக் கற்றுத்தரக் கூடாதா?

பள்ளிக்கூடம் நடத்துவது நல்ல காரியம். அதை இதற்கு எதிராக நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் மந்தை நகரும்போது பள்ளிக்கூடமும் கூடவே நகராது. அதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று. அரபி எழுத்தில் ஃபுல்ஃபுல்டே எழுதத் தெரிந்த பெரியவர்களும்கூட, ஒரு செய்தியின் தகுதியைச் சொல்பவரின் முகத்தையும் குரலையும் நடத்தையையும் பார்த்தே எடைபோடுகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் கையில் திணித்த துண்டுப் பிரசுரத்துக்கு அந்த மதிப்பு கிடைப்பதில்லை.

வேதாகமத்தைப் படைப்பிலிருந்து கிறிஸ்து வரை கால வரிசைப்படி கதையாகச் சொல்லும் முறை, மிஷனெரி உலகில் பிலிப்பைன்ஸ் நாட்டின் பலவான் தீவில் பணியாற்றிய டிரெவர் மெக்இல்வைன் என்பவரின் அனுபவத்திலிருந்து பரவலாக அறியப்பட்டது. ஞானஸ்நானம் பெற்றிருந்த மக்களுக்கே பழைய ஏற்பாட்டு வரலாறு தெரியாததால் கிறிஸ்து எதற்காக மரித்தார் என்பது விளங்காமல் இருந்ததை அவர் கண்டார். 2004-இல் தாய்லாந்தின் பட்டாயா நகரில், உலகச் சுவிசேஷப் பணிக்கான லோசான் இயக்கம் கூட்டிய மாநாட்டில் வாய்மொழிச் சமூகங்களுக்கென்றே ஒரு குழு அமைந்து விவாதித்தது. அதற்குப் பிறகு பல மிஷன் அமைப்புகள் இந்த முறையைக் கையில் எடுத்தன.

மிஷனெரிகள் நூறாண்டுக்கும் மேலாக அங்கே இருக்கிறார்களே? ஃபுலானிகள் மட்டும் ஏன் இவ்வளவு தூரமாகவே இருந்தார்கள்?

இதற்கு விடை இறையியலில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. வடக்குக் கேமரூனின் ஆதமாவா பீடபூமியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஃபுலானிச் சிற்றரசர்கள் ஆண்டார்கள். க்பாயா, ம்பூம், டீ போன்ற உழவர் இனத்தார் அவர்களுக்கு அடங்கியிருந்தார்கள், பலர் அடிமைகளாகவும் பிடிக்கப்பட்டார்கள். 1920-களில் நார்வேயிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் லூத்தரன் மிஷனெரிகள் வந்தபோது நற்செய்தியை முதலில் ஏற்றுக்கொண்டவர்கள் இந்த உழவர்கள்தான். தங்களை எஜமானர் என்று சொல்லிக்கொண்டவர்களின் மதத்துக்கு வெளியே தங்களுக்கும் ஒரு மாண்பு இருக்கிறது என்பதை அவர்கள் சபையில் கண்டார்கள். அது பெரிய கிருபை. ஆனால் ஃபுலானியின் கண்ணுக்குக் கிறிஸ்தவம் உழவனின் மதமாகவும், நேற்றுவரை தனக்குக் கீழே இருந்தவனின் மதமாகவும் பதிந்துவிட்டது. சபையின் தரப்பிலும், தன் பாட்டனைக் கட்டி இழுத்துப்போனவனின் பேரனுக்குப் போய் நற்செய்தி சொல் என்றால் மனம் எளிதில் வருமா? இந்த ஊழியத்துக்கு ஆட்கள் குறைவாக இருந்ததற்குப் பணமும் தூரமும் மட்டும் காரணம் அல்ல. மன்னிப்பு என்பது மேடையில் பேசப்படும் அளவுக்கு எளிதாக நடந்துவிடுவதில்லை.

இன்று இந்தப் பணியில் இருப்பவர்களில் ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்கள் ஏராளம். 1975-இல் நைஜீரிய இளைஞர்கள் தொடங்கிய காப்ரோ மிஷன் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தாத்தா காலத்துப் பகையை அறிந்த ஓர் ஆப்பிரிக்கரே கிடைக்கு வந்து தரையில் அமர்ந்து பால் வாங்கிக் குடிக்கும்போது, ஐரோப்பியர் ஒருவர் வந்து அமர்வதற்கு இல்லாத கனம் அதற்கு உண்டு.

கிடையில் கதை சொல்லும் மாலை எப்படி இருக்கும்?

பகலில் கதைக்கு நேரமில்லை. மேய்ச்சலுக்குப் போன மாடுகள் பொழுது சாயும்போது புழுதி பறக்கத் திரும்பும். தரையில் முளையடித்து இழுத்துக் கட்டிய நீண்ட தாம்புக்கயிற்றில் கன்றுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு கன்றாக அவிழ்த்துவிட்டு, அது முட்டிக் குடித்து மடி சுரந்ததும் பிடித்துக் கட்டிவிட்டுச் சுரைக்குடுக்கையில் பால் கறப்பார்கள். பல கிடைகளில் கறவை பெண்களின் வேலை. மறுநாள் தயிரையும் வெண்ணெயையும் தலையில் சுமந்து சந்தைக்குப் போவதும் அவர்களே. ஈயும் கொசுவும் அண்டாமலிருக்க மந்தையின் நடுவே சாணமும் விறகும் போட்டுப் புகைமூட்டம் எழுப்பப்படும். மக்ரிப் என்னும் அந்தித் தொழுகையும் சாப்பாடும் முடிந்த பிறகு பாயில் ஆண்கள் அமர்வார்கள், சிறு அடுப்பில் பச்சைத் தேயிலை கொதிக்கும். முதல் கோப்பை கசக்கும்; அதே இலையில் சர்க்கரை சேர்த்துச் சேர்த்து மூன்று முறை காய்ச்சுவார்கள். அந்த மூன்று கோப்பைக்கு ஆகும் நேரம்தான் பேச்சுக்கும் கதைக்கும் உரியது.

வந்தவர் உடனே கதையைத் தொடங்கிவிடக் கூடாது. மாடு, மழை, மேய்ச்சல், வழியில் சோதனைச் சாவடியில் பிடுங்கிய பணம், பிள்ளையின் காய்ச்சல் என்று எல்லாம் பேசித் தீர வேண்டும். அவர்களுடைய கதைகளையும் கேட்க வேண்டும். முயலும் கழுதைப்புலியும் வரும் கதைகள், விடுகதைகள், குலத்தின் முன்னோர் கதைகள் என்று அவர்களிடம் இருக்கும் கையிருப்பு பெரியது. ஆர்தோ அனுமதித்த பிறகு ஊழியர் ஏழெட்டு நிமிடங்களுக்கு மேல் போகாத ஒரு கதையைச் சொல்வார். பிறகு கேட்டவர்களில் ஒருவர் அதைத் திருப்பிச் சொல்வார். அவர் விட்டதை இன்னொருவர் எடுத்துக்கொடுப்பார். அதற்குப் பின்தான் பேச்சு: இதில் எது பிடித்தது, எது இடித்தது, இறைவனைப் பற்றி இது என்ன சொல்கிறது, மனிதரைப் பற்றி என்ன சொல்கிறது. பிரசங்கம் கிடையாது. பதிலை ஊழியரே சொல்லிவிட்டால் அன்றைய பேச்சு அதோடு நின்றுவிடும்.

பெண்கள் ஆண்களின் பாயில் வந்து அமர்வதில்லை. கொஞ்சம் தள்ளி, குடிசையின் ஓரத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் பேசப் பெண் ஊழியர் வேண்டும், அதற்குரிய நேரமும் வேறு. மோர் கடையும் காலை வேளையில், மாமியாரின் ஏவலுக்குப் பொறுக்க முடியாமல் ஓடி வனாந்தரத்து நீரூற்றின் அருகே இருந்த ஆகாரின் கதையை அவர்கள் கேட்கும் விதம் வேறு எந்தச் சபையிலும் கேட்டிராதது என்று இந்தப் பணியில் இருப்பவர்கள் சொல்வதுண்டு. ஆகார் சாராளின் மருமகள் அல்ல, அடிமைப்பெண் என்று திருத்தினாலும், அவர்களுக்கு அவள் மருமகள்தான்.

எந்தக் கதைகள் அவர்களை நெருங்குகின்றன?

வேதாகமத்தின் ஆதிப் பகுதி கூடாரத்தில் வாழ்ந்த மேய்ப்பர்களைப் பற்றியது என்பதை நகரத்தில் வளர்ந்த நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஆபிரகாமின் மேய்ப்பருக்கும் லோத்தின் மேய்ப்பருக்கும் புல்லுக்காக வந்த சண்டை ஆதியாகமம் 13-இல் இருக்கிறது. ஈசாக்கு தோண்டிய கிணறுகளை ஊரார் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டது 26-இல் இருக்கிறது. மேய்ச்சல் பாதைகளும் நீர்த்துறைகளும் ஆண்டுக்கு ஆண்டு வயல்களாக மாறிவரும் சாஹேலில் இவற்றுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

யாக்கோபும் லாபானும் தனியாகச் சொல்லத்தக்கவர்கள். ஃபுலானிகளிடம் ஹப்பனாயே என்று ஒரு வழக்கம் உண்டு. மந்தை அழிந்துபோன உறவினருக்கோ நண்பருக்கோ ஒரு கிடாரியைக் கடனாகக் கொடுப்பார்கள். அது ஈனும் முதல் இரண்டு மூன்று கன்றுகளை அவர் வைத்துக்கொண்டு தாய்ப்பசுவைத் திருப்பிக் கொடுப்பார். 1973-இலும் 1984-இலும் வந்த பெரும்பஞ்சங்களில் மந்தைகள் மடிந்தபின் பல குடும்பங்கள் மீண்டும் தலையெடுத்ததற்கு இந்த வழக்கமும் ஒரு காரணம். ஆகவே யாக்கோபு தன் கூலியாகப் புள்ளியும் வரியும் உள்ள குட்டிகளைக் கேட்டதும், லாபான் அன்றே அப்படிப்பட்டவற்றையெல்லாம் பிரித்து மூன்று நாள் பயணத்துக்கு அப்பால் அனுப்பிவிட்டதும் அவர்களுக்குத் தொழில் விவகாரம். அந்த ஒப்பந்தம் சரியா, யார் யாரை ஏமாற்றினார்கள் என்று வழக்கு நடக்கும். கடைசியில் யாக்கோபு வாய்திறந்து, காட்டு மிருகம் பீறினதை உம்மிடம் கொண்டுவராமல் நானே ஈடு செய்தேன், பகலின் வெயிலும் இரவின் குளிரும் என்னைத் தின்றன, தூக்கம் என் கண்ணை விட்டுப் போயிற்று என்று இருபது ஆண்டுச் சுமையைக் கொட்டும் இடம் வரும். கூலிக்கு மாடு மேய்க்கும் ஒருவர் அந்த இடத்தைத் திருப்பிச் சொல்லும்போது அதில் ஒரு சொல்லும் தவறுவதில்லை.

லூக்கா 15-இல் உள்ள இளைய குமாரனின் கதையும் அப்படியே, ஆனால் வேறு காரணத்துக்காக. ஃபுலானி வாழ்வை நடத்தும் ஒழுக்க நெறிக்குப் புலாக்கு என்று பெயர். பொறுமையும் நாணமும் தன்னடக்கமும் அதன் தூண்கள். வலித்தாலும் வெளியே காட்டக்கூடாது, பெரியவர் பிறர் முன்னால் உணர்ச்சிவசப்படக் கூடாது. சில குலங்களில் தாயும் தந்தையும் தலைப்பிள்ளையைப் பெயர் சொல்லிக்கூட அழைப்பதில்லை, மற்றவர் எதிரில் கொஞ்சுவதும் இல்லை. பாகம் பிரித்து வாங்கிக்கொண்டு போன மகன் திரும்பி வருவதைக் கண்ட தகப்பன், ஊர் பார்க்க ஓடிப்போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டான் என்ற இடத்தில் கிடையின் பெரியவர்கள் சங்கடப்பட்டுத் தலையைக் குனிவார்கள். அந்தச் சங்கடத்தை ஊழியர் அவசரப்பட்டு விளக்கிக் கலைத்துவிடக் கூடாது என்பது எங்கள் உறுதியான எண்ணம். தன் மானத்தை விட்டுக்கொடுத்த தகப்பனைப் பற்றி இயேசு சொல்ல வந்ததன் பாரம் நம்மைவிட அவர்களுக்குத்தான் முழுமையாகத் தெரிகிறது.

குர்ஆனிலும் வரும் நபிமார்களின் கதைகளைச் சொல்லும்போது என்ன செய்கிறார்கள்?

மிகவும் கவனம் தேவைப்படும் இடம் இது. யோசேப்பின் வரலாறு வேதாகமத்தில் ஆதியாகமம் 37 தொடங்கி முடிவு வரை ஓடுகிறது. குர்ஆனில் 12-ஆம் அத்தியாயம் முழுவதும், 111 வசனங்களில், யூசுஃப் நபியின் வரலாறே. சகோதரரின் பொறாமை, குழி, எகிப்து, எஜமானின் மனைவி, சிறை, கனவு, பஞ்சம் எல்லாம் இரண்டிலும் உண்டு. வேறுபாடுகளும் உண்டு. ஆதியாகமத்தில் இரத்தம் தோய்ந்த அங்கியைப் பார்த்து யாக்கோபு ஏமாந்து, மகனைத் துஷ்டமிருகம் பட்சித்தது என்று நம்பித் தேற்றுவாரின்றிப் புலம்புகிறார். குர்ஆனில் யஃகூப் நபி மகன்களின் பொய்யை உணர்ந்துகொண்டு, அழகிய பொறுமையே தனக்குத் தகும் என்கிறார். அழுதழுது கண் பூத்துப்போய், பின்னாளில் யூசுஃபின் சட்டை முகத்தில் பட்டதும் பார்வை பெறுகிறார்.

பொறுமையைத் தலையாய குணமாகப் போற்றும் மக்களுக்கு யஃகூப் நபியின் அந்தச் சொல் எவ்வளவு அருமையானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கதையின் நடுவே ஒரு பெரியவர் அதை எடுத்துச் சொன்னால் ஊழியர் மரியாதையோடு கேட்டுக்கொள்ள வேண்டும். ‘அது தவறு’ என்று வெட்டுவதும் கூடாது, அவரைக் குளிர்விப்பதற்காக அதைத் தன் கதையில் சேர்த்துக்கொள்வதும் கூடாது. ‘நீங்கள் கேட்டது அப்படி, தவ்ராத்தில் (மோசேயின் வேதத்தில்) நான் கற்றது இப்படி’ என்று சொன்னால் போதும். தவ்ராத்துடைய கதையின் உச்சம் யோசேப்பு தன் சகோதரரிடம், நீங்கள் எனக்குத் தீமை செய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்று சொல்லும் இடம். அங்கே போய்ச் சேரும் வரை கதை நேராக நடக்க வேண்டும்.

ஆபிரகாம் மகனைப் பலியிடச் சென்ற வரலாறும் இவ்வாறே. ஹஜ்ஜுப் பெருநாளில் ஒவ்வொரு கிடையிலும் ஆடு அறுக்கப்படுகிறது. குர்ஆன் அந்த மகனின் பெயரைச் சொல்லவில்லை. இஸ்மாயீல் என்பது முஸ்லிம்களின் பரவலான நம்பிக்கை. ஆதியாகமம் 22 ஈசாக்கு என்று பெயரிட்டே சொல்கிறது. எந்த மகன் என்று வாதாடத் தொடங்கினால், தேவனே பலியாட்டைப் பார்த்துக்கொள்வார் என்று தகப்பன் மலையேறும்போது சொன்ன வார்த்தை யார் காதிலும் விழாது.

இயேசுவின் சிலுவை மரணத்தில் இரண்டு வேதங்களும் நேர் எதிராக நிற்கின்றன. குர்ஆன் 4:157 அதை மறுக்கிறது. அங்கே பூசி மெழுக வழியில்லை, மெழுகவும் கூடாது.

காயீன், ஆபேல் கதையைச் சொல்கிறார்களா?

சொல்கிறார்கள், ஆனால் இடம் பார்த்து. நைஜீரியாவின் மத்தியப் பகுதியான பிளேட்டோ, பெனுவே மாநிலங்களில் உழவருக்கும் மேய்ப்பருக்கும் இடையே பல ஆண்டுகளாக இரத்தம் சிந்தப்படுகிறது. உழவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், மேய்ப்பர்களில் பெரும்பாலோர் ஃபுலானி முஸ்லிம்கள். இரு பக்கத்திலும் கிராமங்களும் கிடைகளும் எரிந்திருக்கின்றன. 2017-இல் பெனுவே மாநிலம் திறந்தவெளி மேய்ச்சலைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது. அங்கே போய், உழுது பயிரிட்டவன் ஆடு மேய்த்தவனைக் கொன்றான் என்று தொடங்கினால், கேட்பவர் அதைத் தன் தரப்பின் நியாயமாக எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். காயீனுக்கும் தேவன் அடையாளம் போட்டுக் காத்தார், பழிக்குப் பழியைத் தடுத்தார் என்ற பிற்பகுதி வரை அமர்ந்து கேட்கும் நட்பு இல்லாத இடத்தில் இந்தக் கதையைத் தள்ளிவைப்பதே விவேகம்.

வாய் மாறி வாய் போகும்போது கதை திரிந்துவிடாதா?

திரியாமலிருக்க ஒழுங்கு இருக்கிறது. ஒரு பகுதியைத் தாய்மொழிக்காரர்கள் சிலர் சேர்ந்து திரும்பத் திரும்பக் கேட்டு, உள்வாங்கி, தங்கள் மொழியில் கதையாகச் சொல்லிப் பதிவு செய்வார்கள். அந்தக் கதையை முன்பு கேட்டிராத ஃபுலானி ஒருவரிடம் அதை ஒலிக்கவிட்டு, என்ன விளங்கியது என்று கேட்பார்கள். பிறகு வேறொருவர் அதை ஆங்கிலத்துக்கோ பிரெஞ்சுக்கோ திருப்பிச் சொல்ல, வேதாகமம் அறிந்த ஓர் ஆலோசகர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். விட்டது, சேர்த்தது, குழப்பியது எல்லாம் திருத்தப்பட்ட பிறகே அது வெளியே போகும்.

கிடையிலும் ஒரு காவல் உண்டு. பலர் சேர்ந்து கேட்ட கதையை ஒருவர் மாற்றிச் சொன்னால் சிறுவர்கள்கூட மறித்துத் திருத்துவார்கள். சேதம் பெரும்பாலும் அவசரப்பட்ட ஊழியரிடமிருந்துதான் வருகிறது. கதைக்குள் தன் விளக்கத்தையும் சேர்த்துச் சொல்பவர் அவர்தான்.

வானொலிக்கும் கைபேசிக்கும் இதில் என்ன பங்கு?

பெரிய பங்கு. கேமரூனின் ங்கவுண்டேரே நகரில் லூத்தரன் சபைகள் 1966-இல் ‘சவ்து லின்ஜீலா’ என்ற ஃபுல்ஃபுல்டே வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பு நிலையத்தைத் தொடங்கின. அங்கே தயாரான நிகழ்ச்சிகள் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவிலிருந்த சுவிசேஷ வானொலி வழியாகச் சிற்றலையில் சாஹேல் முழுவதும் கேட்டன. 1977-இல் எத்தியோப்பியாவின் இராணுவ அரசு அந்த வானொலியைக் கைப்பற்றும் வரை. தோளில் தடியும் கழுத்தில் டிரான்சிஸ்டருமாக மாட்டின் பின்னே போகும் மேய்ப்பரிடம் அந்தக் குரல் போய்ச் சேர்ந்தது.

இன்று நினைவக அட்டையில் ஒலிப்பதிவுகள் கைமாறுகின்றன, சூரிய ஒளியில் இயங்கும் சிறு கருவிகளும் இருக்கின்றன. இஸ்லாமிய அறிஞர்களின் உரைகளும் பாடல்களும் அதே கைபேசியில் இருக்கும். யாரும் பார்க்காத இடத்தில் தனியாகக் கேட்டு யோசிக்க முடிகிறது என்பது இதன் நன்மை. ஆனால் கேள்வி கேட்டால் கருவி பதில் சொல்லாது.

கால்நடை மருத்துவம், கிணறு என்று உதவி செய்து அதோடு கதையையும் சேர்ப்பது ஆசைகாட்டுவது ஆகாதா?

சேர்த்துக் கட்டினால் ஆகும். சப்பை நோயும் அடைப்பானும் நுரையீரல் தொற்றும் ஒரு பருவத்தில் மந்தையைப் பாதியாக்கிவிடக்கூடிய இடத்தில், தடுப்பூசி போடத் தெரிந்தவர் அதைப் போடுவது மனிதக் கடமை. கதை கேட்டவர் மாட்டுக்கு முதலில் ஊசி, கேட்காதவர் மாட்டுக்குப் பிறகு என்று வந்துவிட்டால் ஊசியும் கெட்டது, கதையும் கெட்டது. நல்ல அமைப்புகள் மருந்துக்கு நியாயமான விலை வாங்குகின்றன, எல்லாருக்கும் ஒரே வரிசையில் போடுகின்றன, கதையை மாலையில் அழைத்தால் மட்டும் சொல்கின்றன. அப்படிச் செய்யாத இடங்களைப் பற்றி இஸ்லாமிய நண்பர்கள் எழுப்பும் குற்றச்சாட்டை நாம் கோபப்படாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தான் யார் என்பதை ஊழியர் மறைப்பதுண்டா?

மறைப்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் அதை ஏற்கவில்லை. ஈஸாவை, அதாவது இயேசுவை, பின்பற்றுகிறவன் என்று முதல் நாளே ஆர்தோவிடம் சொல்லிவிட்டு அமர்பவரைத்தான் விருந்தாளி என்று சொல்ல முடியும். அவர்கள் நன்கறிந்த பெயர்களைச் சொல்லி இப்ராஹீம், மூஸா, ஈஸா என்று பேசுவது மறைப்பது ஆகாது; அது அவர்கள் மொழியில் பேசுவது. தான் முஸ்லிம் என்று நினைக்கவிடுவதுதான் மறைப்பு.

கதையைக் கேட்டு இயேசுவை விசுவாசிக்கிறவருக்கு என்ன நேர்கிறது?

மந்தை ஒருவருடைய தனிச்சொத்து அல்ல, குடும்பத்தோடு பின்னிக்கிடப்பது. மதம் மாறியவர் தனக்கு வர வேண்டிய மாடுகளை இழக்கலாம், மனைவியை அவள் வீட்டார் அழைத்துப் போகலாம், பெண் கொடுக்க யாரும் முன்வராமல் போகலாம். மாடில்லாத ஃபுலானி தன் பார்வையிலேயே குறைந்துபோகிறார். அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் படமெடுத்து அறிக்கை அனுப்பிவிட்டு அடுத்த கிடைக்குப் போகிறவர் ஊழியர் அல்ல. கதையைத் தனி ஒருவரிடம் சொல்வதைவிட முழுக் கிடையிடம், பெரியவர்கள் முன்னிலையில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். முடிவெடுக்கக் குடும்பமாக அவர்கள் நாள் எடுத்துக்கொள்ளட்டும். அது பல ஆண்டுகள் ஆனாலும் சரி.

இப்போது அங்கே போவது ஆபத்தில்லையா?

ஆபத்துதான். 2012 முதல் மாலியிலும் பின்னர் புர்கினா ஃபாசோ, நைஜர் நாடுகளிலும் ஆயுதக் குழுக்கள் கிராமப்புறங்களைப் பிடித்துக்கொண்டதால் ஊழியர்கள் பல இடங்களை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 2015 ஜனவரியில் நைஜரின் தலைநகர் நியாமேயில் 45 தேவாலயங்கள் எரிக்கப்பட்டன. ஆனால் இந்த வன்முறையில் ஃபுலானிகளைத் தாக்குகிறவர்களாக மட்டும் பார்ப்பது பொய்யான படம். 2019 மார்ச் 23 அன்று மாலியின் ஒகோசாகு கிராமத்தில் 150-க்கும் மேற்பட்ட ஃபுலானிகள், குழந்தைகளும் உட்பட, கொல்லப்பட்டார்கள். ஆயுதக் குழுக்களுக்கும் இராணுவத்துக்கும் ஊர்க் காவல் படைகளுக்கும் நடுவே சாதாரண மேய்ப்பர் குடும்பம் அகப்பட்டுக்கொண்டிருக்கிறது. அவர்களுக்காக ஜெபிக்கும் சபைகள் அவர்களுடைய மனமாற்றத்துக்காக மட்டும் ஜெபிப்பது போதாது.

தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் இந்தப் பணிக்குப் போக விரும்பினால் எங்கே தொடங்க வேண்டும்?

மொழியிலிருந்து. ஃபுல்ஃபுல்டேயில் பெயர்ச்சொற்கள் இருபதுக்கும் மேற்பட்ட வகுப்புகளாகப் பிரிகின்றன. கினியில் கற்ற வழக்கு கேமரூனில் அப்படியே செல்லாது. ஆகவே எந்த நாடு என்று தீர்மானித்த பிறகே கற்கத் தொடங்க வேண்டும். நைஜர், மாலி, கேமரூன், செனகல் என்றால் பிரெஞ்சும் வேண்டும், நைஜரிலும் வடக்கு நைஜீரியாவிலும் ஹௌசா உதவும். அங்குள்ள ஆப்பிரிக்கச் சபையின் கீழ், அவர்கள் அனுப்பும் இடத்துக்குப் போக வேண்டும். சொந்தமாக ஒரு பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு தொடங்குவதை நாங்கள் ஊக்கப்படுத்துவதில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் வேதாகமக் கதை எதையும் சொல்லாமல், அவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டு, பதிவு செய்து, அவற்றைத் திருப்பிச் சொல்லிப் பழகுவது நல்லது. சொல்லும்போது எங்கே சிரிக்கிறார்கள், எங்கே திருத்துகிறார்கள் என்று குறித்துவைத்துக்கொண்டால், யாக்கோபின் கதையை எப்படித் தொடங்குவது என்பது அதிலிருந்தே தெரியவரும்.